மனைவிக்கு ஸ்பான்சர்: சாங்வியில் தொழில் தொடங்கும் இளம் வழக்கறிஞருக்கு ஒரு கடிதம்

வெளிநாட்டில் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ (பி.ஆர்.) பெற்ற ஒருவர், தம் கணவனையோ மனைவியையோ அங்கே நிலையாகக் குடியேற்ற அந்நாட்டு அரசிடம் பொறுப்பேற்பதே துணைவர் ஸ்பான்சர். பி.ஆர். கேட்பவர் ஒருவர், அவருக்காகக் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். ஆகவே ஒரே கட்டில் இரண்டு விண்ணப்பங்கள் போகின்றன. அதிகாரி முதலில் ஸ்பான்சருக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பார். பிறகுதான் திருமணத்தைப் பார்ப்பார். கனடாவில் இந்தப் பொறுப்பு, மனைவி பி.ஆர். ஆகும் நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் நீடிக்கும். இடையில் விவாகரத்தே ஆனாலும் அது ரத்தாகாது. அக்காலத்தில் மனைவி அரசு நிவாரணம் வாங்கினால் அந்தத் தொகையைக் கணவன் திருப்பிக் கட்ட வேண்டும். மனைவியை மட்டும் அழைப்பவருக்குக் கனடா பொதுவாக வருமான வரம்பு வைப்பதில்லை. பிரிட்டன் வைக்கிறது: 2012 முதல் ஆண்டுக்கு 18,600 பவுண்டாக இருந்த வரம்பு 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 ஆனது. அமெரிக்கா, வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காடு வருமானம் கேட்கிறது. நாட்டுக்கு நாடு விதி வேறு என்பதால் இக்கடிதம் பெரும்பாலும் கனடாவையே எடுத்துக்கொள்கிறது. தமிழர் அதிகமாகக் குடியேறிய நாடுகளில் அது ஒன்று; விதிகளும் அங்கே எழுத்தில் தெளிவாக உள்ளன.

முளா, பவனா ஆறுகளை ஒட்டிய சாங்வி, புனே அருகே பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் வருகிறது. ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவுக்கு வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் இங்கும் பிம்ப்ளே குரவ், வாகட் பக்கமும் வாடகைக்கு இருக்கின்றன. இத்தகைய ஊரில் இருவிதக் கட்சிக்காரர்கள் வரலாம். கணவன் டொராண்டோவில், மனைவி சாங்வியில் என்பது முதல் வகை. இரண்டாவது வகையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: கனடியக் குடியுரிமை வாங்கிய ஒருவர் வேலை நிமித்தம் புனேவுக்குத் திரும்பி, இங்கேயே கல்யாணம் செய்து, மனைவியோடு சாங்வியில் குடித்தனம் நடத்துகிறார், இனித் திரும்பிப் போகும்போது அவளையும் பி.ஆர். ஆக அழைத்துப் போக விரும்புகிறார்.

இந்த இரண்டாவது வகைக்கு விதி எளிது, ஆனால் கறாரானது. குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் இருந்துகொண்டே ஸ்பான்சர் செய்யலாம், மனைவிக்கு பி.ஆர். கிடைத்ததும் கனடாவில் போய் வசிப்பேன் என்று காட்டினால் போதும். வெறும் பி.ஆர். அட்டை வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. விண்ணப்பம் போடும்போதும் அது நிலுவையில் இருக்கும்போதும் அவர் கனடாவிலேயே வசிக்க வேண்டும். மனைவியோடு இருக்கலாமே என்று ஆறு மாத விடுப்பு எடுத்து சாங்விக்கு வந்து தங்கும் பி.ஆர். கணவர், அன்பினாலேயே தம் தகுதியைக் கேள்விக்குள்ளாக்கிக்கொள்கிறார். முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது: குடியுரிமையா, பி.ஆரா? குடியுரிமை என்றால், திரும்பிப் போவதற்கான சான்று என்ன? வாய்ச்சொல் போதாது. கம்பெனியின் இடமாற்றக் கடிதம், அங்கே வேலை தேடிய மின்னஞ்சல்கள், வீடு பார்த்ததற்கான பதிவு, தங்க இடம் தருவதாக அண்ணனோ அக்காவோ எழுதிய கடிதம், சாமான் அனுப்பக் கேட்ட விலைப்புள்ளி போன்றவை வேண்டும். அமெரிக்காவும் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறது: பொறுப்புறுதிப் படிவத்தில் கையெழுத்திடுபவரின் நிலையான இருப்பிடம் அமெரிக்காவாக இருக்க வேண்டும்.

அடுத்தது வழக்கறிஞரின் சொந்த எல்லை. கனடாவின் குடியேற்ற, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 91-ஆம் பிரிவில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: கட்டணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பதாரருக்கு ஆலோசனை சொல்லவோ அவர் சார்பில் செயல்படவோ கனடிய வழக்கறிஞர்கள், பாராலீகல்கள், கியூபெக் நோட்டரிகள், உரிமம் பெற்ற ஆலோசகர்கள் ஆகியோருக்கே அனுமதி உண்டு. அந்த ஆலோசகர்களை 2021 நவம்பர் முதல் ஒழுங்குபடுத்துவது குடியேற்ற, குடியுரிமை ஆலோசகர் கல்லூரி. மகாராஷ்டிர பார் கவுன்சிலில் பதிவு செய்த ஒருவர் கனடாப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துப் பணம் வாங்கினால், அங்கே அவர் பெயர் ‘பேய் ஆலோசகர்’ (ghost consultant)தான். ஊரெங்கும் அப்படித்தானே நடக்கிறது என்று சொல்லலாம். நடக்கிறது, மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கட்சிக்காரர். இளம் வழக்கறிஞர் கூச்சமில்லாமல் செய்யக்கூடிய வேலை இந்தியப் பக்கத்தில் நிறையவே இருக்கிறது. திருமணப் பதிவு, பெயர் வேறுபாட்டு அஃபிடவிட், பி.சி.சி. எனும் காவல்துறை நற்சான்று, பழைய விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல், இந்தச் சடங்கு இந்தச் சட்டப்படி செல்லும் என்ற சட்டக் கருத்துரை ஆகியவற்றைக் கனடிய உரிமதாரர் ஒருவரோடு சேர்ந்து அவர் செய்து தரலாம். உண்மையில் கோப்பின் கனம் அங்கேதான் இருக்கிறது. படிவத்தை யாரும் நிரப்பிவிடுவார்கள்.

திருமணத்தை வெளிநாட்டு அதிகாரிக்கு நிரூபிக்க வேண்டிய நிலை இந்தியருக்குப் புதிதல்ல. 1913 மார்ச் 14 அன்று கேப் டவுனில் நீதிபதி செர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். கணவன் ஹசன் ஈசோப்புடன் சேர வந்த பாய் மரியம், தென்னாப்பிரிக்கச் சட்டப்படி மனைவி ஆகமாட்டார் என்றது அந்தத் தீர்ப்பு. பலதார மணத்தை அனுமதிக்கும் சமய முறைப்படி நடந்த திருமணம் செல்லாது என்பதே அதன் அடிப்படை. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்து, முஸ்லிம், பார்சி மனைவியரின் நிலை கேள்விக்குறியானது. அதுவரை சத்தியாகிரகத்துக்கு வெளியே நின்ற பெண்கள், டிரான்ஸ்வாலின் தமிழ்ப் பெண்கள் உட்பட, சிறை புகுந்தார்கள். அவர்களில் ஒருவரான தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அதே ஆண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம், ஒரு மனைவியின் திருமணத்தை ஏற்றுக்கொண்டது. மனைவி என்பதற்குக் காகிதம் கேட்கும் அதிகாரியிடம் எரிச்சல் வரும்போது இந்த வரலாறு உதவும்: எரிச்சல் நியாயமானது, காகிதமும் தேவையானது.

இந்தியாவில் அந்தக் காகிதத்தின் கதை சற்றுச் சிக்கலானது. 2006 பிப்ரவரி 14 அன்று சீமா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாச் சமயத் திருமணங்களையும் கட்டாயமாகப் பதிவு செய்ய வழி செய்யும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மகாராஷ்டிரத்துக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழ்நாட்டுக்கு 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. இரண்டுமே பதிவுக்கு 90 நாள் கெடு வைக்கின்றன. கல்யாணம் மதுரையில், குடித்தனம் சாங்வியில் என்றால் எந்த ஊரில் பதிவது என்ற கேள்வி வரும். பத்திரிகை, கோயில் ரசீது, சாட்சிகள் எல்லாம் மதுரையில் இருக்கும்போது அங்கேயே பதிந்துவிடுவது எளிது. பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் பதிவதென்றால் மூன்று சாட்சிகள் வேண்டும், நடத்திவைத்த புரோகிதரின் கையெழுத்தும் கேட்பார்கள். மதுரை சாஸ்திரிகளை எங்கே தேடுவது?

பதிவுச் சான்று இருந்தால் திருமணம் நடந்துவிட்டது என்று பொருளல்ல. 2024 ஏப்ரல் 19 அன்று டாலி ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அந்த வழக்கின் தம்பதி, சடங்கு எதுவும் நடப்பதற்கு முன்பே ஓர் அமைப்பிடம் சான்று வாங்கி, அதைக் காட்டித் திருமணத்தைப் பதிவு செய்திருந்தார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்லும் சடங்கு நடக்காவிட்டால் 8-ஆம் பிரிவுப் பதிவு திருமணத்தை உண்டாக்காது என்று நீதிபதிகள் நாகரத்னா, மசீஹ் அமர்வு தீர்த்தது. வெளிநாட்டு விசாவுக்காக முன்கூட்டியே பதிந்து வைக்கும் வழக்கத்தையும் அத்தீர்ப்பு பெயர் சொல்லியே கண்டித்தது. இத்தொழிலில் இருப்பவருக்கு இதைவிட நேரடியான தீர்ப்பு கிடையாது. நிச்சயதார்த்தத்தன்று பதிவு, ஆறு மாதம் கழித்து முகூர்த்தம் என்று வரும் குடும்பத்திடம் இரண்டு வழிகளையே சொல்லலாம். சடங்கு முடிந்த பிறகு பதியலாம். அவசரமென்றால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி, 30 நாள் அறிவிப்புக் கொடுத்து, பதிவாளர் முன் உண்மையிலேயே திருமணம் செய்துகொள்ளலாம். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருந்தால் போதும் என்பதால் டொராண்டோ மாப்பிள்ளைக்கும் அது ஒத்துவரும்.

தமிழர் திருமணத்தில் இன்னொரு கண்ணி உண்டு. மாலை மாற்றி, மோதிரம் அணிவித்து, புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட வலு தருவது, 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு. அது தமிழ்நாடு திருத்தம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மேலும் தாராளமாகப் பொருள்கொண்டு, ஊரறிய அறிவிப்பு தேவையில்லை என்றும், வழக்கறிஞர்கள் தனிப்பட்ட முறையில் அத்தகைய திருமணத்தை நடத்திவைக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் சாங்வி மண்டபம் ஒன்றில் அதே முறையில் நடந்த திருமணத்துக்கு அந்தப் பிரிவு குடை பிடிக்காது, ஏனெனில் அது மகாராஷ்டிர மண். கனடிய விதியோ, திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படியும் கனடிய சட்டப்படியும் செல்ல வேண்டும் என்கிறது. கொள்கைப் பிடிப்புள்ள தம்பதிக்கு இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லி, கூடவே சிறப்புத் திருமணச் சட்டப்படியும் முடிக்கச் சொல்வதுதான் உதவி. கல்யாணம் முடிந்து, கோப்பு திரும்பி வந்த பிறகு 7-ஏ பற்றி விரிவுரை நடத்துவதால் யாருக்கும் பயனில்லை.

காணொளித் திருமணம் வேண்டவே வேண்டாம். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கன்னியாகுமரி மாவட்டப் பெண் ஒருவர் அமெரிக்காவிலிருந்த மணமகனைச் சிறப்புத் திருமணச் சட்டப்படி காணொளி வழியாக மணக்க அனுமதித்தது. இங்கே அது செல்லும். கனடாவுக்கோ, இருவரில் ஒருவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ இணையத்திலோ நடந்த திருமணம் 2015 ஜூன் முதல் ஸ்பான்சருக்கு உதவாது. கனடிய ராணுவப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்கா, அதன்பின் தம்பதியிடையே தாம்பத்திய உறவு ஏற்பட்டிருந்தால் ஏற்கும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, கோப்பில் கண்ணை உறுத்துவது பெயர். மகாராஷ்டிரத்துப் படிவம் எதை எடுத்தாலும் மூன்று கட்டங்கள் இருக்கும்: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர். தமிழ்ப் பெண்ணிடம் இருப்பதோ தலைப்பெழுத்து ஒன்றும் பெயர் ஒன்றும். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை விரிக்கச் சொல்வதால் அப்பா பெயர் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஆதாரில் அது சேர்ந்தோ பிரிந்தோ இருக்கும். கல்யாணப் பதிவுக்கு வந்தால், மூன்றாம் கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று குமாஸ்தா மாமனார் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிடுவார். ஆக ஒரே பெண்ணுக்கு நான்கு பெயர்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதே கோப்பின் பெயர் என்று முதல் நாளே முடிவு செய்து, பதிவுக்குப் போகும்போது பாஸ்போர்ட் நகலைக் குமாஸ்தாவின் கையில் கொடுத்து, அதன்படியே எழுதச் சொல்ல வேண்டும். பழைய சான்றிதழ்களின் வேறுபாட்டுக்கு ஒரே ஓர் அஃபிடவிட் போதும். அதில் எந்த ஆவணத்தில் எந்த எழுத்துக்கோவை என்று அட்டவணை போட்டுக் காட்டினால் அதிகாரிக்கு வேலை மிச்சம். குடும்பப் பெயர் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டுக்குக் கனடாப் படிவத்தில் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுத வேண்டும். அமெரிக்க விசாவில் அதுவே முதற்பெயர் தெரியாதவர் என்று அச்சாகி வரும், பயப்படத் தேவையில்லை.

மராத்தியிலோ தமிழிலோ உள்ள எதையும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பெயர்த்து வைக்க வேண்டும். விண்ணப்பதாரரோ குடும்பத்தாரோ பெயர்க்கக் கூடாது. மனைவியின் தம்பி ஆங்கிலத்தில் எம்.ஏ. என்றாலும் கூடாது, கோப்பைக் கவனிக்கும் வழக்கறிஞரும் அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. அபோஸ்டில் முத்திரை வேண்டுமென்று சொல்லி ஏஜென்டுகள் காசு பறிப்பதுண்டு. கனடா பி.ஆர். கோப்பு அதைக் கேட்பதில்லை.

இனி, திருமணம் மெய்யானதா என்ற கேள்வி. கனடிய ஒழுங்குவிதி 4(1)-இன்படி, திருமணம் போலியாக இருந்தாலும் மறுக்கலாம், முதன்மையாகக் குடியேறும் நோக்கத்துக்காகச் செய்யப்பட்டிருந்தாலும் மறுக்கலாம். 2010 செப்டம்பர் வரை இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டியிருந்தது. அதன்பின் ஏதாவது ஒன்று போதும். இந்தச் சிறு மாற்றத்துக்குப் பின், இன்று இருவரும் நன்றாகத்தானே வாழ்கிறார்கள் என்ற வாதம் மட்டும் கைகொடுக்காது. கல்யாணம் பேசிய நாளில் நோக்கம் என்ன என்பதும் கோப்பில் தெரிய வேண்டும். ஜாதகப் பொருத்தம் பார்த்தது, பெண் பார்க்க வந்தது, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் வந்தது, வேறு வரன்கள் தட்டிப் போனது எல்லாம் இங்கே சாட்சியம். மேட்ரிமோனி தளத்தில் இரு வீட்டாரும் பரிமாறிய முதல் செய்தியை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. கல்யாணப் படங்கள் ஆயிரத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அதிகாரியின் மனத்தில் ஓர் இந்தியக் கல்யாணம் இருக்கிறது. பல நாள் நடக்கும், குதிரை வரும், ஐந்நூறு பேர் ஆடுவார்கள். விடியற்காலை முகூர்த்தத்தில் கோயிலில் தாலி கட்டி, காலைச் சாப்பாட்டோடு முடிந்துபோகும் கல்யாணம் அவருக்கு அவசரக் கல்யாணமாகத் தெரியும். ஆகவே விளக்கக் கடிதம் ஒன்று அவசியம். மணமகன் வீட்டில் ஏன் பத்துப் பேர்தான் வந்தார்கள், ஏன் ஆடி முடிந்ததும் ஆவணியில் முதல் நாளே முகூர்த்தம் வைத்தார்கள், தேனிலவுக்கு ஏன் போகவில்லை என்பதையெல்லாம் நேராக எழுதிவிட வேண்டும். காதலித்துச் சாதி மாறிச் செய்த திருமணமென்றால் பெற்றோர் படத்தில் இருக்க மாட்டார்கள். அந்த இல்லாமைக்குக் காரணம் சொல்லாவிட்டால் சந்தேகமாகும். சொன்னால் அதுவே மெய்த்தன்மைக்குச் சான்று. குடிகார அண்ணன் கலாட்டா செய்ததால் மண்டபத்தை மாற்றினோம் என்பதைக்கூட எழுதலாம். அழகுபடுத்திய கதையை அதிகாரிகள் நிறையப் படித்திருக்கிறார்கள்.

நெருங்கிப் பார்க்க வேண்டிய ஆவணம் ஒன்று மொய் நோட்டு. நாற்பது பக்க ரூல் போட்ட நோட்டில், ஊர், பெயர், தொகை என்று பந்தி வாசலில் உட்கார்ந்து யாரோ ஒரு மாமா எழுதியது. அதில் நூறு ரூபாயும் உண்டு, ஆயிரத்தொரு ரூபாயும் உண்டு, குத்துவிளக்கும் உண்டு. பொய்க் கல்யாணத்துக்கு யாரும் மொய் நோட்டு எழுதுவதில்லை. மொழிபெயர்த்த இரண்டு பக்கமும் மூலத்தின் நகலும் போதும். படங்களை இருபதுக்குள் நிறுத்தச் சொல்லி கனடாவின் சரிபார்ப்புப் பட்டியலே கேட்கிறது. எனவே ஆல்பத்தை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்புவது பேதமை. அந்த இருபதில் ஒவ்வொன்றுக்கும் கீழே யார், எங்கே, எந்த நாள் என்ற வரி இருக்கட்டும்.

சாங்வியில் சேர்ந்து வாழும் தம்பதிக்கு இன்னொரு நல்ல ஆவணம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, 55-ஆம் பிரிவுப்படி லீவ் அண்ட் லைசென்ஸ் எனும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும், பதிவும் செய்தாக வேண்டும். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்த்துப் பதியச் சொன்னால், தேதியோடும் விரல்ரேகையோடும் அரசுப் பதிவில் ஏறிய கூட்டுக் குடித்தனச் சான்று கிடைக்கிறது. பலர் கணவன் பெயரில் மட்டும் போட்டுவிட்டு, பிறகு சொசைட்டி செயலாளரிடம் கடிதம் கேட்டு அலைகிறார்கள்.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் கல்யாணங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடும்ப விவரங்களில் மனைவியின் அம்மாவும் கணவனின் அக்காவும் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி என்று வந்தால் அதிகாரி திகைப்பார். அக்காள் மகளைக் கட்டியவருக்கு அது அப்படித்தான் வரும். இந்து திருமணச் சட்டம் 5(iv) வழக்கம் இருந்தால் இதை அனுமதிக்கிறது. கனடாவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் நேர்வழி இரத்த உறவையும் உடன்பிறந்தாரையும் மட்டுமே விலக்குகிறது. பிரிட்டனின் 1949-ஆம் ஆண்டுச் சட்டமோ மாமன்–மருமகள் உறவைத் தடுக்கிறது. ஆகவே எந்த நாட்டுக்கு என்பதைப் பொறுத்தே ஆலோசனை அமையும். ஓர் எச்சரிக்கை: மேலே சொன்ன சிறப்புத் திருமணச் சட்டத்தின் தடைப் பட்டியலில் மாமன் மகளும் அத்தை மகனும்கூட இருக்கிறார்கள், அரசிதழில் மாநில அரசு அறிவித்த வழக்கம் இல்லாமல் அச்சட்டத்தின் கீழ் போனால் திருமணமே ஆட்டம் காணும். உறவில் கட்டியவர்களை இந்து முறையிலேயே நிறுத்த வேண்டும்.

பாலினம் ஒன்றான தம்பதிக்கு இந்தியாவில் திருமணம் இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறக்க மறுத்தது. கனடா 2005 முதல் அவர்கள் திருமணத்தை ஏற்கிறது. சட்டம் அனுமதிக்கும் மூன்றாம் நாட்டில் மணந்தும் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களையும் கனடா துணைவர் என்றே ஏற்கிறது. சாங்வி வாடகை ஒப்பந்தம் இங்கேயும் கைகொடுக்கும்.

இவ்வளவும் இருந்தும் கோப்பு கவிழக் கூடும். சான்று குறைவதைவிட, முன்பு எழுதிக் கொடுத்ததும் இப்போது எழுதுவதும் முரண்படுவதே பெரிய ஆபத்து. ஆகவே புதிய படிவத்தைத் தொடுமுன் பழைய படிவங்களை வரவழைப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி. கணவன் தம் பி.ஆருக்குக் கொடுத்த விண்ணப்பம், மனைவி எப்போதோ சுற்றுலா விசாவுக்குக் கொடுத்தது, நிராகரிக்கப்பட்ட மாணவர் விசா என எல்லாவற்றின் நகலும் வேண்டும். கைவசம் இல்லையென்றால் கனடாவில் தகவல் கோரும் சட்டப்படி வாங்கலாம். பொய்த்தகவல் என்று முடிவானால் குடியேற்றச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின் கீழ் ஐந்தாண்டுத் தடை.

அதைவிடக் கொடியது ஒழுங்குவிதி 117(9)(d). தாம் பி.ஆர். ஆகும்போது மனைவியைக் குறிப்பிடாமல் விட்டவர், பிறகு அவளை ஸ்பான்சர் செய்ய முடியாது. இதில் நல்ல மனிதர்களும் சிக்குகிறார்கள். விண்ணப்பம் போடும்போது பிரம்மச்சாரி. விசா வந்ததும் ஊருக்கு வந்து தாலி கட்டி, இரண்டு வாரத்தில் விமானம் ஏறி, கனடா விமான நிலையத்தில் இறங்கும்போது குடும்ப நிலை மாறியதா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அல்லது நிச்சயத்தன்றே பதிவு செய்துவிட்டு, முகூர்த்தம் நடக்காததால் தம்மைத் திருமணமாகாதவராகவே எண்ணிக்கொண்டார். டாலி ராணி தீர்ப்பு இங்கே ஒரு வாதத்துக்கு இடம் தருகிறது: சடங்கு நடக்காதவரை திருமணமே இல்லையென்றால், மறைத்ததாகவும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பதிவுச் சான்றையே கோப்பில் திருமணச் சான்றாக வைத்துவிட்டு அதே மூச்சில் இந்த வாதத்தை எடுக்க முடியாது. 2019 செப்டம்பர் 9 முதல் கனடா ஒரு விதிவிலக்குக் கொள்கையை நடத்திவருகிறது. அது அகதியாக வந்தவர்களுக்கும், தாமே குடும்ப ஸ்பான்சரில் வந்தவர்களுக்கும்தான். எக்ஸ்பிரஸ் என்ட்ரி எனும் திறமைசார் குடியேற்ற வழியில் போன மென்பொருள் பொறியாளருக்கு அது பொருந்தாது. அவருக்கு மனிதாபிமானக் காரணம் காட்டும் நீண்ட வழிதான் மிச்சம்.

பி.சி.சி. சிறிய வேலை, ஆனால் நேரம் தின்னும். பதினெட்டு வயதுக்குப் பின், கடந்த பத்தாண்டில் ஆறு மாதம் தொடர்ந்து வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அது வேண்டும். இந்தியாவுக்கு பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகவே. புனேக்காரர்களுக்கு முந்த்வா சேவா கேந்திரம். விசாரணைக்கு வருவது சாங்வி காவல் நிலையம். 2018 ஆகஸ்ட் 15 முதல் அது பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆணையரகத்தின் கீழ் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் திருநெல்வேலி முகவரி இருந்தால் இங்கே வசிப்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். அந்த வாடகை ஒப்பந்தமே போதும்.

மறுப்பு வந்தால் நாள் எண்ணத் தொடங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து போட்ட கோப்பென்றால், ஸ்பான்சர் 30 நாளுக்குள் குடியேற்ற மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே விசாரணை புதிதாகவே நடக்கும். விட்டுப்போன சான்றையும் வைக்கலாம், கணவன் நேரில் பேசலாம். மனைவி கனடாவுக்குள் இருந்துகொண்டு உள்நாட்டு வகுப்பில் போட்டிருந்தால் அந்த மேல்முறையீடு கிடையாது. 15 நாளுக்குள் ஃபெடரல் நீதிமன்றம்தான். உள்ளிருந்து போட்டால் வேலை அனுமதி கிடைக்கும் என்று ஆசை காட்டுபவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. கோப்பில் சிறு பலவீனம் இருந்தாலும் வெளிநாட்டு வகுப்பே பாதுகாப்பு.

கட்டணம் கொடுப்பது பெரும்பாலும் மாப்பிள்ளை வீடு. விண்ணப்பதாரரோ பெண். கோப்பின் முழு நகல், இணையக் கணக்கின் கடவுச்சொல், பாஸ்போர்ட் மூன்றும் அவள் கையிலேயே இருக்கும்படி வழக்கறிஞர் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமனார் முகம் சுளித்தாலும் சரி. கனடா 2012 முதல் 2017 வரை, புதிதாக மணந்தவர்கள் இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் பி.ஆர். நிலைக்கும் என்று வைத்திருந்தது. அடிபட்ட பெண்களை அது அதே வீட்டில் பூட்டி வைத்ததால் கைவிட்டது. இன்று அங்கே போய் இறங்கிய பெண், கணவனைப் பிரிந்தாலும் பி.ஆர். இழப்பதில்லை. இதை அவளிடம் தனியாக உட்காரவைத்துச் சொல்வது சட்ட ஆலோசனையின் பகுதியே.

பி.ஆர். கிடைத்து, கனடாவில் இறங்கி, மறுபடியும் வேலைக்காகப் புனேவுக்கே திரும்பும் தம்பதிகளும் உண்டு. பி.ஆர். நிலைக்க ஐந்தாண்டில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். கணவன் கனடியக் குடிமகன் என்றால், அவருடன் சாங்வியில் சேர்ந்து வாழும் நாள்களும் மனைவியின் 730-இல் சேரும். கணவனும் பி.ஆர். மட்டுமே என்றால், அவர் கனடிய நிறுவனம் ஒன்றின் முழுநேர ஊழியராக இங்கே அனுப்பப்பட்டிருந்தாலன்றிச் சேராது.